லிப்ட் பக்கத்தில் கிடந்த பச்சைத் தட்டு



போன மாதம் பழைய சாமான்களைக் கழிக்கும் ஞாயிற்றுக்கிழமையன்று லிப்ட் பக்கத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளுக்கு மேல் ஒரு பச்சைப் பீங்கான் தட்டு கிடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். யாரோ அதைப் படம் எடுத்து நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். "சீனாவில் இதே மாதிரி தட்டு பல கோடிக்கு ஏலம் போனதாம்" என்று ஒருவர் எழுதினார். "கோடியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், முதலில் வழியை விடுங்கள்" என்று இன்னொருவர் எழுதினார். மாலைக்குள் நாற்பது ஐம்பது செய்திகள் வந்துவிட்டன.

அந்தத் தட்டை நான்தான் எடுத்துப் பார்த்தேன். அடியில் எந்த நாட்டில் தயாரானது என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே பாதி விஷயம் முடிந்துபோனது. வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தில் விதித்தது. அதற்குப் பிறகுதான் பீங்கான்களின் அடியில் நாட்டின் பெயர் போடும் வழக்கம் பரவியது. நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் அந்தச் சாமான் நம் கொள்ளுத்தாத்தா காலத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. ஆகவே கோடி எதுவும் இல்லை. தட்டுக்கு உரியவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. தட்டுக்காக இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் கையை விட்டுப் போன வேறொரு பச்சைத் துண்டு நினைவுக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஓமந்தூர்ச் சில்லு

என் சொந்த ஊர் ஓமந்தூர். திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்தான் நினைவுக்கு வருவார். எனக்கோ எங்கள் ஆயா வீட்டு வாசலும், அதில் என் அக்காமார்கள் கோடு கிழித்துப் பாண்டி ஆடியதும் நினைவுக்கு வரும்.

பாண்டி ஆடச் சில்லு வேண்டும். மற்றப் பெண்களிடம் ஓட்டுச் சில்லு, பானைச் சில்லுதான் இருக்கும். என் பெரிய அக்காவிடம் மட்டும் ஒரு பச்சைச் சில்லு இருந்தது. ஒரு பக்கம் வழவழவென்று, குளத்துத் தண்ணீர் போன்ற மங்கலான பச்சை. உடைந்த ஓரத்தில் சாம்பல் கலந்த வெள்ளை. கனமாக இருப்பதால் போட்ட கட்டத்தில் அசையாமல் நிற்கும். அதனாலேயே அக்காவைத் தோற்கடிக்க முடியாது. எங்கே கிடைத்தது என்று கேட்டால் ஒரு நாள் ஏரிக்கரை என்பாள், இன்னொரு நாள் கடற்கரைக்குப் போனபோது எடுத்தது என்பாள். அக்கா கல்யாணமாகிப் போனாள், சில்லும் எங்கோ போனது.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தமிழகத்துக் கடல் வணிகம் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அரிக்கமேட்டில், 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியச் சாமான்கள் மட்டும் கிடைக்கவில்லை. மேல் அடுக்குகளில் சோழர் காசுகளும், சீனத்துப் பச்சைப் பீங்கான் சில்லுகளும் கிடைத்திருக்கின்றன. அரிக்கமேடு என்றால் ரோமாபுரி என்றே பள்ளியில் படித்த நமக்கு இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்லவில்லை.

அக்காவின் சில்லும் அந்த வகைதானா? தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. ஏன் வழியில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரே நிறம், ஒரு கைப்பிடி இரும்பு

சீனப் பீங்கான் என்றால் வெள்ளையில் நீலப் பூப்போட்டது என்றுதான் நம் மனதில் படம் வருகிறது. அது பின்னால் வந்தது. அதற்கு முன்பு பல நூற்றாண்டுகள் சீனக் குயவர்கள் பெருமைப்பட்டது ஒரே நிறத்துப் பாண்டத்தில்தான். பூ இல்லை, படம் இல்லை. பாண்டத்தின் வடிவமும், மேலே ஓடும் மெருகின் நிறமும்தான் அழகு. பச்சை, வெள்ளை, கருப்பு, பிற்காலத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம்.

இதில் நம் கடற்கரைக்கு அதிகம் வந்தது பச்சை. சீனாவின் செஜியாங் மாகாணத்து லோங்சுவான் சூளைகள் அதற்குப் பேர்போனவை. சீனர்களுக்குப் பச்சை மணிக்கல்லின் மேல் இருந்த ஆசைதான் இதற்கும் அடிப்படை. கல்லில் செதுக்கினால் அரசனுக்கு மட்டும் கட்டுப்படியாகும், மண்ணில் சுட்டால் ஊருக்கே கிடைக்கும்.

அந்தப் பச்சை எப்படி வருகிறது தெரியுமா? பச்சைச் சாயம் எதுவும் இல்லை. மெருகுக் கரைசலில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை இரும்பு இருக்கும். சூளையில் 1,200 டிகிரிக்கு மேல் சூடேறும்போது காற்று உள்ளே போகாமல் அடைத்துவிடுவார்கள். காற்று கிடைக்காத தீ, இரும்பு ஆக்சைடிலிருந்து பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். இரும்பு பச்சையாகிவிடும். அதே மெருகு, அதே சூளை, காற்று மட்டும் கொஞ்சம் புகுந்துவிட்டால் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போய்விடும். பூப்போட்ட பாண்டத்தில் ஒரு குறையைப் பூவுக்குள் மறைக்கலாம். ஒரே நிறத்தில் மறைக்க இடமே கிடையாது. செம்பு கலந்து செய்யும் சிவப்பு இன்னும் கஷ்டம். அதில் எடுபட்டதைவிடக் கெட்டுப்போனது அதிகம் என்பார்கள்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் எடுத்த கருப்பு சிவப்புப் பானைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உள்பக்கம் கருத்தது, காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்தது. காற்றை விடுவதும் அடைப்பதும் நம் குயவருக்கும் தெரியும், சீனக் குயவருக்கும் தெரியும். அவர்களிடம் வெள்ளைக் களிமண்ணும், மிக அதிகச் சூட்டைத் தாங்கும் சூளையும் இருந்தன. மலைச்சரிவில் பாம்பு போல நீளமாகக் கட்டிய சூளைகளில் ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் சுட்டெடுத்தார்கள். மூன்று, நான்கு கடல் தாண்டி வந்தும் சாமானியர் வாங்கும் விலைக்கு அது கிடைத்ததற்கு இந்த மொத்த உற்பத்திதான் காரணம்.

எப்படி வந்தது?

இன்று சீனாவிலிருந்து செல்போன் வருவதைப் போல அன்று பீங்கான் வந்தது. கப்பலின் அடித்தளத்தில் கனத்துக்கு அடுக்கலாம், உப்புத்தண்ணீர் பட்டாலும் கெடாது. மேலே பட்டு, கீழே பீங்கான்.

நம்மவர்களும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 720-லேயே காஞ்சிப் பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன் சீனப் பேரரசனுக்குத் தூது அனுப்பியிருக்கிறான். ராஜராஜன் அனுப்பிய சோழத் தூதுக்குழு 1015-இல் சீன அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்து 1033-இலும் 1077-இலும் தூதுகள் போயின. கடைசிக் குழுவில் 72 பேர். அவர்கள் கொண்டுபோனதற்கு ஈடாக 81,800 கோவைச் செப்புக்காசு பெற்றுத் திரும்பியதாகச் சீன அரச வரலாறு கணக்கு எழுதி வைத்திருக்கிறது. துளையிட்ட காசைக் கயிற்றில் கோத்து எண்ணுவது அவர்கள் வழக்கம். அரசியல் தூது என்று பெயர், நடந்தது என்னவோ வியாபாரம்தான்.

சீனாவின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோவில் ஒன்றே கட்டியிருந்தார்கள். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது, அதன் கடைசி வரி சீன எழுத்தில் இருக்கிறது. அந்தத் துறைமுகத்திலிருந்துதான் பீங்கான் ஏற்றுமதி கொழித்தது. கப்பலேறும் இடத்தில் தமிழ் பேசும் ஆள் இருந்தான் என்றால் இறங்கும் இடத்தில் சில்லு கிடைப்பதில் என்ன வியப்பு?

இந்தச் சில்லுகளை முதலில் கவனித்து எழுதியவர்களில் ஒருவர் நமக்கெல்லாம் வேறு காரணத்துக்காகத் தெரிந்த கால்டுவெல் பாதிரியார். தாமிரபரணி முகத்துவாரத்துப் பழைய காயல் பகுதியில் சீனப் பீங்கான் உடைசல்கள் சிதறிக் கிடப்பதைப் பார்த்து, 1881-இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் எழுதினார். மார்க்கோ போலோ வந்து பார்த்த காயல் இதுதான் என்று அவர் சொல்வதற்கு அந்தச் சில்லுகளும் ஒரு சாட்சி.

நூறு வருடம் கழித்து அந்த வேலையை முறையாகச் செய்தவர் ஒரு ஜப்பானியர். நொபொரு கராஷிமா. தமிழ்க் கல்வெட்டுகளைத் தமிழிலேயே படித்து ஆராய்ந்தவர், 1995-இல் தஞ்சாவூரில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டை முன்னின்று நடத்தியவர். அவரும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலுவும் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1980களில் ஆய்வு செய்தார்கள். சின்ன ஊர். ஆனால் அங்கே கிடைத்த சீனச் சில்லுகள் ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, அதிலும் பெரும்பகுதி அந்த ஒற்றைப் பச்சை. வெள்ளையும் உண்டு, நீலப்பூப் போட்டது குறைவு. பின்னர் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இப்படிக் கிடைத்த சில்லுகளைத் தேடி அலைந்து, அந்த ஆய்வுகளைக் கராஷிமா 2004-இல் ஒரு தனி நூலாகவே தொகுத்து வெளியிட்டார். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் நம் தொல்லியல் துறை தோண்டிய இடத்திலும் சீனப் பீங்கான் கிடைத்திருக்கிறது. சோழ அரண்மனையிலும் அதே பச்சை, கடலோர ஊரிலும் அதே பச்சை.

நம் மொழியும் சாட்சி சொல்லும். சீனி, சீனச்சட்டி, சீனக்காரம், சீனப்பட்டு என்று அடுக்களை வரைக்கும் அந்த நாட்டின் பெயர் புகுந்திருக்கிறது. பீங்கான் என்ற சொல்லோ பாரசீகத்திலிருந்து வந்தது. சரக்கு சீனாவுடையது, பெயர் பாரசீகத்தாருடையது, வாங்கியவர் தமிழர். கடல் வியாபாரம் எப்படி நடந்தது என்பதை ஒரே சொல் சொல்லிவிடுகிறது.

அடகுக்கு வந்த அரண்மனை

ஒற்றை நிறப் பீங்கானைச் சேகரித்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர் நம் பம்பாயில் பிறந்தவர் என்றால் நம்புவீர்களா? சர் பெர்சிவல் டேவிட், பிறந்தது 1892. பாக்தாத்திலிருந்து வந்து குடியேறிய யூத வணிகக் குடும்பம். இவருடைய அப்பா சர் சசூன் டேவிட், 1906-இல் பேங்க் ஆப் இந்தியாவை நிறுவியவர்களில் ஒருவர், அதன் தலைவராக இருந்தவர். வங்கிக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை.

கதையில் இன்னொரு வங்கியும் வருகிறது. 1911-12 புரட்சியில் சீனாவின் கடைசிப் பேரரசன் முடியிழந்தான். ஆனாலும் அரண்மனைச் செலவு குறையவில்லை. 1920களில் அரண்மனைப் பீங்கான்களும் நகைகளும் பெய்ஜிங்கில் ஒரு வங்கிக்கு அடகுக்குப் போயின. யான்யே வங்கி, அதாவது உப்புத் தொழில் வங்கி. கடனைத் திருப்ப முடியவில்லை. வங்கி என்ன செய்யும்? எங்கள் கிளையில் நகைக்கடன் கெடு தாண்டினால் என்ன செய்வோமோ அதைத்தான் செய்தது. அப்படி விலைக்கு வந்த அரண்மனைப் பீங்கான்களில் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்து வாங்கியவர் டேவிட்.

காசு இருக்கிறது என்று வாங்கிக் குவித்த ஆள் இல்லை அவர். சீன மொழி கற்றுக்கொண்டார், பழைய சீனப் பண்டித நூலை மொழிபெயர்த்தார், எந்தப் பாண்டத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தார். சுமார் 1,700 பாண்டங்கள். 1950-இல் அவற்றை லண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் தனிக்கூடத்தில் இருக்கின்றன. 2024-இல் அறக்கட்டளையினர் அத்தனையையும் அந்த மியூசியத்துக்கே நிரந்தரமாகக் கொடுத்தார்கள். மதிப்பு சுமார் 100 கோடி பவுண்டு என்று அப்போது சொல்லப்பட்டது.

வாட்ஸ்அப்பில் நண்பர் சொன்ன ஏலமும் பொய்யில்லை. ஹாங்காங்கில் 2017-இல் ஒரு சிறிய தூரிகை கழுவும் கிண்ணம் 29 கோடியே 43 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. அது 'ரூ' வகைப் பாண்டம். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் சோங் அரசவைக்காக மிகக் கொஞ்ச காலமே செய்யப்பட்டது. மழை விட்ட வானம் போன்ற வெளிர்நீலப் பச்சை. உலகம் முழுவதும் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கிறது. அதற்கும் நம் லிப்ட் பக்கத்துத் தட்டுக்கும் நிறத்தில் மட்டும்தான் உறவு.

உங்கள் வீட்டிலும் இருக்கலாம்

செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த ஜாடிகளைக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். நம்மில் சிலரது வீட்டுப் பரணிலும் அம்மா காலத்து ஊறுகாய் ஜாடி, பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ தாத்தா கொண்டுவந்த கிண்ணம் இருக்கக்கூடும். அதைப் பற்றி நான்கு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, அடியைப் பாருங்கள். மேல் அழகு ஏமாற்றும், அடிவளையம் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது. மெருகு படாத இடத்தில் மண்ணின் நிறம் தெரியும். லோங்சுவான் பச்சையில் அந்த இடம் சூளைத் தீயில் செம்மண் நிறமாகச் சிவந்திருப்பது வழக்கம். சீன எழுத்து முத்திரை இருப்பதாலேயே பழையது என்று முடிவு கட்டாதீர்கள். முந்தைய மன்னனின் பெயரைப் பிந்தைய காலத்தில் மரியாதைக்காகப் போடுவது சீனாவிலேயே வழக்கமாக இருந்தது, ஏமாற்றுவதற்காகப் போட்டவர்களும் உண்டு.

இரண்டாவது, அரண்மனைகளில் பச்சைப் பீங்கானில் விஷம் கலந்த உணவு வைத்தால் நிறம் மாறும், வெடிக்கும் என்று நம்பினார்கள். ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்துக்குப் போனால் அந்தக் கதையைக் கேட்கலாம். நம்பிக்கைதான், சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குப் பெட்டியில் வைத்து அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். அவற்றை வாங்கி விற்கும் தொழில் செய்யவும் உரிமம் வேண்டும். பூமிக்குள்ளிருந்து கிடைத்தால் அது தனி விவகாரம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

நான்காவதுதான் நான் சொல்ல வந்தது.

வவுச்சர் இல்லாத பணம்

முப்பத்தைந்து வருடம் வங்கியில் கணக்கெழுதியவன் நான். மாலையில் கணக்கு முடிக்கும்போது பெட்டியில் நூறு ரூபாய் அதிகமாக இருந்தால் யாரும் சந்தோஷப்படமாட்டோம். அது யாருடையது, எந்தக் கணக்கில் வந்தது என்று தெரியாத பணம் பணமே இல்லை. அதற்கு வவுச்சர் வேண்டும். வவுச்சர் இல்லாதவரை அது வெறும் தலைவலி.

பீங்கான் சில்லும் அப்படித்தான். பெரியபட்டினத்துச் சில்லு ஒவ்வொன்றும் எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அந்த ஊர் எந்த நூற்றாண்டில் செழித்தது, எந்தச் சூளையோடு வியாபாரம் வைத்திருந்தது என்று சொல்ல முடிகிறது. சந்தையில் அந்தத் துண்டுகளுக்கு ஒரு டீ செலவு கூடத் தேறாது. ஆனால் ஓர் ஊரின் வரலாறு அதில் இருக்கிறது. கோடிக்குப் போன கிண்ணத்தால் நம் கடற்கரையைப் பற்றி ஒரு வரி கூட எழுத முடியாது.

என் அக்காவின் சில்லுக்கு வவுச்சர் இல்லை. அது ஏரிக்கரையில் கிடைத்திருந்தால் உள்நாட்டு ஊருக்கும் சீனச் சரக்கு வந்ததற்கு ஒரு சாட்சி. கடற்கரையில் கிடைத்திருந்தால் அங்கே கப்பல் வந்து போனதற்கு ஒரு சாட்சி. ஒன்றுமில்லாமல் போன வருடம் உடைந்த சாதாரணக் கிண்ணமாகவும் இருந்திருக்கலாம். மூன்றில் எது என்று சொல்ல வேண்டிய ஆள் அக்கா. அவள் போய் நாலு வருடம் ஆகிறது. கேட்கலாம் கேட்கலாம் என்று இருந்தேன், கேட்கவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கழிவுநாளுக்கு முன்னால் பரணிலிருந்து இறக்கும் பழைய ஜாடி, தட்டு, கிண்ணம் எதுவானாலும் தூக்கிப் போடும் முன் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது, எந்த வருடம். வீட்டில் எண்பது வயதுப் பெரியவர் இருந்தால் இன்றே கேளுங்கள், அவர் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தத் தாளைச் சாமானுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். சாமான் பெரும்பாலும் சாதாரணமானதாகத்தான் இருக்கும். பரவாயில்லை, தாள் சாதாரணமானதல்ல.

கிராமத்துக்கோ கடற்கரைக்கோ போகும்போது மண்ணில் இப்படிச் சில்லைப் பார்த்தால் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். இருக்கும் இடத்திலேயே வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மாவட்ட மியூசியத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். பேரப்பிள்ளைகள் கூட வந்தால் அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். பாண்டி ஆட வேறு ஓடு கிடைக்கும்.

லிப்ட் பக்கத்துத் தட்டுக்கு உரியவரை மறுநாள் மாடிப்படியில் பார்த்தேன். "சார், அது என் மாமியார் ரங்கூனிலிருந்து வரும்போது கொண்டுவந்ததாம், நேற்றுத்தான் என் வீட்டுக்காரர் சொன்னார்" என்றார். எழுதி வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.